பத்திரப்பதிவை மாநகராட்சிக்குக் கொடுக்கலாமா? சேலத்திலிருந்து ஒரு ஒப்பீடு

வீட்டு வரிக்கு மாநகராட்சி மண்டல அலுவலகம், பத்திரத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ், பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ். சேலத்தில் ஒரு மனையோ வீடோ வாங்கிய எவருக்கும் இந்த மூன்று வாசலும் அத்துப்படி. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் ஒரே சொத்துக்கு மூன்றிலும் ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே எண் இருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

பேசாமல் பதிவு வேலையையும் உள்ளாட்சியிடமே கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. அஸ்தம்பட்டிக்காரர் அஸ்தம்பட்டி மண்டல அலுவலகத்திலேயே, ஏற்காட்டில் நாகலூர்க்காரர் ஊராட்சி அலுவலகத்திலேயே ஸ்கேன் செய்து, கைரேகை வைத்து, கிரையத்தை முடித்துக்கொண்டு போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர மத்திய அரசு 2025 மே மாதம் ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. பத்திரத்தை மின்னணு முறையில் தாக்கல் செய்வதும், மின்னணுவாகவே பதிந்து சான்று கொடுப்பதும் அந்த வரைவில் உண்டு. அதனால் எங்கே உட்கார்ந்து, யார் கையால் பதிவது என்பது இனி டீக்கடைப் பேச்சு மட்டுமில்லை.

என் நிலைப்பாட்டை முன்பே சொல்லிவிடுகிறேன். எது வேகமாகப் பதியும் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. பதிவில் தப்பு விழுந்தால் திருத்த யாரிடம் போய் நிற்க வேண்டும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் திருத்தும் அதிகாரம் உண்டா, இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பத்திரம் பதிவதற்கு ஒரு நாள் செலவாகும். அதில் விழுந்த ஒரு சர்வே எண் பிழையைச் சரிசெய்ய வருடக்கணக்கில் அலைபவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

இப்போது நடப்பது

தமிழ்நாட்டில் பதிவுத்துறையைக் கணினிக்குக் கொண்டுவரும் ஸ்டார் திட்டம் 2000-இல் தொடங்கியது. 2018-இல் ஸ்டார் 2.0 வந்தபிறகு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்திலேயே பெரும்பாலான வேலை முடிகிறது. பத்திர விவரங்களை வீட்டிலிருந்தே உள்ளிடலாம், வழிகாட்டி மதிப்பை, அதாவது தீர்வைக்காக அரசு குறித்துவைத்திருக்கும் நில விலையை, பார்க்கலாம், கட்டணம் கட்டலாம், டோக்கன் போடலாம். வில்லங்கம் பார்க்க ஒரு பைசா செலவில்லை. ஆக, அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன்பே பத்திரம் முக்கால்வாசி மின்னணு ஆகிவிடுகிறது. மிச்சமுள்ள கால்வாசிதான் ஆளை நேரில் இழுக்கிறது. வழக்கமான கிரையத்துக்கு விற்பவர், வாங்குபவர், அடையாளம் காட்டும் சாட்சிகள் எல்லோரும் போக வேண்டும். போட்டோ, கைரேகை, அப்புறம் சார்பதிவாளர் முன்னால் நின்று "ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்று ஒப்புக்கொள்வது. பதிவின் உயிர்நாடி இந்த ஒப்புதல்தான். மற்றதெல்லாம் தாள் வேலை.

முகூர்த்த நாளில் டோக்கன் கிடைப்பது தனிக் கதை. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு வழக்கமாக நாளுக்கு 100 டோக்கன் என்றால், சுபமுகூர்த்த நாட்களில் 150 என்று துறையே அறிவிப்பு விடுகிறது. ஆடி மாதம் முழுக்கக் காற்றாடுகிற அலுவலகம் ஆடிப்பெருக்கன்று நிரம்பி வழியும். கம்ப்யூட்டர் வந்தாலும் ராகு காலம் போகவில்லை. எந்த ஏற்பாடு வந்தாலும் தை மாதத்து முதல் முகூர்த்தத்தைத் தாங்குமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் உள்ளாட்சி இதில் ஏற்கெனவே ஒரு பங்காளி. கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், சொத்து மாற்றத் தீர்வை 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023-இல் வழிகாட்டி மதிப்பை ஏற்றியபோது பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் அதிலும் 1 சதவீதம் குறைவு. 30 லட்சம் மதிப்புள்ள மனைக்கு மொத்தம் 2,70,000 ரூபாய் ஆகிறது. இதில் நடுவிலிருக்கும் 2 சதவீதம், அதாவது 60,000 ரூபாய், உள்ளாட்சிக்குச் சேர வேண்டிய பணம். காசு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. இந்த வீடு கைமாறிவிட்டது என்ற தகவல்தான் அதே வேகத்தில் போவதில்லை. வரி ரசீதில் பெயர் மாற்ற, பத்திர நகலோடு நாமே தனியாக விண்ணப்பிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

பட்டா பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு சர்வே எண்ணையோ உட்பிரிவையோ அப்படியே முழுதாக வாங்கினால், பதிவு முடிந்ததும் தகவல் வருவாய்த்துறைக்குத் தானாகப் போய்ப் பெயர் மாறுகிறது. பிரித்து வாங்கினால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். மனைப்பிரிவு என்றாலே பிரித்ததுதானே.

சட்டம் குறுக்கே நிற்கிறதா?

அவ்வளவாக இல்லை. 1908 சட்டத்தின் 6-ஆம் பிரிவைப் படித்தால் வியப்பாக இருக்கும். அரசு அலுவலராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகுந்தவர் என்று மாநில அரசு நினைக்கிற எவரையும் சார்பதிவாளராக நியமிக்கலாம் என்கிறது அது. மாநகராட்சி உதவி ஆணையரைச் சார்பதிவாளர் ஆக்க வேண்டுமென்றால் சட்டத்தையே மாற்றத் தேவையில்லை. பத்திரப்பதிவு அரசியல் சட்டத்தில் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலம் தன் அளவில் திருத்தங்களும் கொண்டுவரலாம். தமிழ்நாடு பலமுறை கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு முட்டுக்கட்டை 2022-இல் விலகியது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் ஆவணங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தமும் கிரையமும் இருபது வருடத்துக்கு மேல் அப்படி விலக்கி வைக்கப்பட்டிருந்தன. 2022-இல் அந்த இனத்தை எடுத்துவிட்டார்கள். உயில் இன்னும் அங்கேதான் இருக்கிறது, இருக்கட்டும்.

ஆக, சட்டம் வழிவிடுகிறது. முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. நான்குக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப் போவதில்லை.

இருக்கிற அலுவலகமே, ஆனால் யாரும் நேரில் போகாமல்

முதல் வழி, சார்பதிவாளர் அலுவலகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அந்த மிச்சக் கால்வாசியையும் இணையத்துக்குக் கொண்டுபோவது. மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தத்தை வீட்டிலிருந்தே பதிகிறார்கள். கட்டுமான நிறுவனம் முதன்முதலாக விற்கும் வீடுகளுக்கும் அங்கே மின்பதிவு உண்டு. இது நியாயமான இடம். விற்கிறவர் ஒரு நிறுவனம், ஒரே அச்சில் நூறு பத்திரம், யாரும் யாரையும் மிரட்டிக் கையெழுத்து வாங்கப் போவதில்லை. வங்கிக் கடன் முடிந்து போடும் அடமான ரத்து ரசீதுக்கும் இதே போதும்.

குடும்பச் சொத்து என்று வரும்போதுதான் எனக்கு இடிக்கிறது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் 1989 முதலே, அப்போது மணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு உண்டு. அந்தப் பங்கு எப்படிக் கரைகிறது என்பதும் ஊரறிந்த கதை: தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம். தங்கை நேரில் வந்து, சார்பதிவாளர் "பணம் வாங்கிட்டீங்களாம்மா? விருப்பப்பட்டுத்தான் எழுதித் தர்றீங்களா?" என்று கேட்கிற அந்த அரை நிமிடம் பெரிய பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் அதையும் கேட்பதில்லை. ஆனாலும் அது ஒரு பொது இடம். அண்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தங்கை ஓடிபி எண்ணைப் படித்துச் சொல்வது அப்படியில்லை. கேமராவுக்கு இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

திருத்தம் என்ற சோதனையில் இந்த வழி பாதி தேறும். பத்திரத்திலேயே சர்வே எண்ணோ எல்லையோ தப்பாக விழுந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கோர்ட். வில்லங்க அட்டவணையில் மட்டும் தப்பென்றால் அந்த அலுவலகமே சரிசெய்யும். போலிப் பத்திரம் என்றால் நிலைமை இன்னும் கஷ்டம். 2022-இல் தமிழ்நாடு 77-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, போலிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அதைச் செல்லாது என்றது. திரும்பவும் சிவில் கோர்ட் படிதான். நீதிமன்றத்தின் வாதத்தில் நியாயம் உண்டு. உரிமை யாருடையது என்று தீர்ப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வாதத்தால் ஆறுதல் கிடைக்காது.

மாநகராட்சியும் ஊராட்சியுமே பதிவகம்

இதற்கு முன்மாதிரியாக எல்லோரும் காட்டுவது அமெரிக்காவை. அங்கே பத்திரத்தைப் பதிவது மாநில அரசின் தனித்துறை அல்ல. பெரும்பாலும் கவுண்டி என்ற உள்ளாட்சி. நம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுக்க 3,000-க்கு மேல் உண்டு. மின்னணுப் பதிவை அந்தக் கவுண்டிகளுக்கு அனுமதிக்கும் மாதிரிச் சட்டம் ஒன்று 2004-இல் எழுதப்பட்டு, பல மாநிலங்கள் அதைத் தழுவின. கலிபோர்னியா அதே 2004-இல் தனியாகவே ஒரு சட்டம் போட்டது. விரும்பும் கவுண்டி மின்னணு முறைக்குப் போகலாம், ஆனால் அந்தக் கணினி அமைப்பு பாதுகாப்பானது என்று மாநில அட்டர்னி ஜெனரல் சான்று தர வேண்டும் என்பது அதன் சாரம். அதிகாரம் கீழே, தணிக்கை மேலே. இந்தப் பாடம் மட்டும் நமக்கு அப்படியே உதவும்.

மற்றதை அப்படியே கொண்டுவர முடியாது. கவுண்டிப் பதிவர் பத்திரத்தின் வடிவத்தைப் பார்ப்பார், கட்டணம் வாங்குவார், நேரம் குறிப்பார், படம் எடுத்து அட்டவணையில் சேர்ப்பார். விற்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க மாட்டார். அந்த ஆபத்துக்கு வாங்குபவர் உரிமைக் காப்பீடு எடுக்கிறார். பின்னால் வில்லங்கம் வந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். நம்மூரிலும் சார்பதிவாளர் உரிமையைத் தீர்ப்பவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. அந்தக் காப்பீடு மட்டும் இங்கே சாதாரண மனை வாங்குபவரின் பழக்கத்தில் இல்லை. நம்மிடம் இருப்பது வக்கீலின் சட்டக் கருத்து, தாய்ப்பத்திரம், அப்புறம் சாமி.

சேலம் 1866-இல் நகராட்சி ஆனது, 1994-இல் மாநகராட்சி. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலம், 60 வார்டு. பிறப்பு இறப்பு பதிகிறார்கள், கட்டட அனுமதி தருகிறார்கள், வரி மதிப்பீடு செய்கிறார்கள். ஆகவே ஆவணம் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. கிராம ஊராட்சி அப்படியில்லை. பிறப்பு இறப்பைக்கூட அங்கே பதிவது வி.ஏ.ஓ.தான், ஊராட்சி அல்ல. சொத்துரிமை சம்பந்தமான ஒரு சட்டப் பதிவேட்டை ஊராட்சிச் செயலர் கையில் முதல்முறையாகக் கொடுப்பதென்றால், பயிற்சிக்கே காலம் பிடிக்கும்.

என் பெரிய கவலை திறமை பற்றியது அல்ல, நலன் முரண் பற்றியது. மாநகராட்சியே சொத்துக்காரர். மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம், சாலைக்கு விட்ட நிலம் எல்லாம் அதன் பெயரில். அந்த இடங்கள் மீதான தகராறுகளில் அதுவே ஒரு தரப்பு. தன்னோடு வழக்காடுபவரின் பத்திரத்தைத் தானே பதிகிற நிலை வரக்கூடாது. இன்னொன்று, இதைவிடச் சில்லறையானது, ஆனால் நிச்சயமாக நடக்கும்: "குடிநீர் வரி பாக்கி இருக்கு, பாதாளச் சாக்கடை டெபாசிட் கட்டல, கட்டிட்டு வாங்க, அப்புறம் பதியலாம்." சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லாவிட்டாலும் கவுன்டரில் இருக்கும். வரி வசூலிப்பவர் கையிலேயே பதிவுச் சாவியைக் கொடுத்தால் சாவி வசூலுக்குப் பயன்படத்தான் செய்யும். ஊராட்சியில் தலைவரும், நிலம் வாங்கி விற்பவரும் ஒரே குடும்பமாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆந்திரத்தில் 2022-இல் கிராமச் செயலகங்களிலேயே பதிவு என்று தொடங்கினார்கள். அங்கே கவனிக்க வேண்டியது வரிசை. மறு அளவை முடிந்த ஊர்களில்தான் ஆரம்பித்தார்கள். முதலில் நிலத்தை அளந்தார்கள், அப்புறம்தான் கவுன்டர் திறந்தார்கள். கர்நாடகம் வேறு விதம். பதிவு சார்பதிவாளரிடமே. ஆனால் உள்ளாட்சி தரும் மின் காத்தா (சொத்து வரிப் பதிவேட்டின் மின்னணு நகல்) இல்லாமல் பதிய முடியாது என்று 2024 அக்டோபரில் நகர்ப்புறங்களில் கட்டாயமாக்கினார்கள். உள்ளாட்சிப் பதிவேட்டையும் பத்திரத்தையும் சேர்த்துக் கட்டும் நல்ல யோசனைதான். பெங்களூரில் காத்தா கைக்கு வராதவர்கள் கிரையத்தை நிறுத்திவைத்துக் காத்துக் கிடந்தார்கள். பழைய பதிவேட்டைச் சுத்தம் செய்யாமல் கட்டாயம் என்ற வார்த்தையைச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும்.

தாசில்தாரிடம் ஒரே மேசை

மூன்றாம் வழியைத் தெலங்கானா நமக்காகச் செய்து பார்த்துவிட்டது. 2020 அக்டோபரில் தரணி என்ற தளத்தைத் தொடங்கி, விவசாய நிலத்துக்குத் தாசில்தாரையே இணை சார்பதிவாளர் ஆக்கினார்கள். பதிவும் பட்டா மாற்றமும் ஒரே மேசையில், ஒரே நாளில். வேகம் என்று பார்த்தால் நான்கு வழிகளிலும் இதற்கே முதலிடம்.

ஆனால் பழைய பதிவேட்டில் இருந்த பிழைகளோடுதான் தளம் திறந்தது. பதியக் கூடாத நிலங்களின் தடைப் பட்டியலில் தப்பாக விழுந்த நிலம், விடுபட்ட பெயர், குறைந்துபோன பரப்பு. இதையெல்லாம் திருத்தும் அதிகாரம் தாசில்தாரிடம் இல்லை. கலெக்டர் வரை போக வேண்டியிருந்தது, இல்லையென்றால் கோர்ட். மேல்முறையீட்டுப் படிகளையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். விவசாயிகள் பட்ட பாடு தேர்தல் பிரச்னையாகவே ஆனது. 2025 ஏப்ரலில் தரணியை எடுத்துவிட்டு பூ பாரதி என்ற புதிய சட்டமும் தளமும் வந்தன. மேல்முறையீடு திரும்பி வந்தது. பதிய ஒரு நாள், திருத்த ஐந்து வருடம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

தெலங்கானாவைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளை மேம்படுத்தும் யு.டி.ஆர். திட்டம் நடந்தது. அப்போது பட்டாவில் விழுந்த தப்புகளைச் சரிசெய்யச் சொல்லி மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் இன்றும் மனு போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாள்தான் பின்னால் கம்ப்யூட்டரில் ஏறியது, தப்போடு சேர்ந்து. "யு.டி.ஆர்.ல மாறிப்போச்சுங்க" என்ற ஒரு வரி போதும், சேலம் மாவட்டத்தில் எந்தத் தாலுகா ஆபீஸிலும் விஷயம் புரிந்துவிடும்.

கவுன்டர் உள்ளாட்சியில், புத்தகம் சார்பதிவாளரிடம்

நான் ஆதரிப்பது நான்காவது வழியை. உள்ளாட்சிக்குப் பதியும் அதிகாரம் வேண்டாம். பத்திரத்தை வாங்கி, மின்னணுவாக அனுப்பிவைக்கும் அதிகாரம் கொடுக்கலாம். மண்டல அலுவலகத்தில் ஓர் அறை, ஒரு ஸ்கேனர், கைரேகைக் கருவி, கேமரா, பதிவுத்துறையிடம் பயிற்சி பெற்ற ஒருவர். எழுதிக் கொடுப்பவர் அந்த அறைக்கு நேரில் வர வேண்டும். கூட வந்தவர்கள் வெளியே. சார்பதிவாளர் வீடியோவில் அவரிடம் நேராகக் கேட்பார், பதில் பதிவாகும், திருப்தியானால் அங்கிருந்தே பதிவார். முதல் வழியில் நான் சொன்ன அண்ணன் வீட்டு ஹால் பிரச்னைக்கு இந்த அறை ஒரு விடை. நடக்க முடியாதவர் வீட்டுக்கே பதிவு அலுவலர் போகலாம் என்று இப்போதைய சட்டத்தின் 31-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்த வேலையையும் பக்கத்துக் கவுன்டர் சுலபமாக்கும்.

பதிவு முடிந்த அந்த நொடியில் தகவல் இரண்டு பக்கம் போக வேண்டும்: வரிப் பதிவேட்டுக்கும் பட்டாவுக்கும். மூன்றில் எங்கே பொருந்தவில்லையோ அது பதிவை நிறுத்தக் கூடாது. பெங்களூர் பாடம் அது. பொருந்தவில்லை என்று குறிப்பு விழ வேண்டும், அதற்கு ஒரு மனு எண் தானாகப் பிறக்க வேண்டும், எந்த அலுவலர் எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று அந்த எண்ணிலேயே இருக்க வேண்டும். தட்டச்சுப் பிழையைச் சரிசெய்யும் அதிகாரம் சார்பதிவாளர் மட்டத்திலேயே முடிய வேண்டும்.

மின்னணுப் பதிவின் பெரிய லாபம் கிரையத்தில் இல்லை, பிழைதிருத்தலில் இருக்கிறது என்பது என் எண்ணம். கொண்டலாம்பட்டியில் மனை விற்றவர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஒரு எல்லைப் பிழைக்காக அவரைக் கூப்பிட்டால், ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, அப்புறம் "சும்மா வர முடியுமா?" என்ற பேரம். விற்று முடித்தவருக்கு வர வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? அவர் திருப்பூர் மாநகராட்சிக் கவுன்டரிலும் வாங்கியவர் கொண்டலாம்பட்டியிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் விஷயம் ஒரு காலையில் முடியும். இன்று இந்த வசதி இல்லாததால்தான் தப்பான எல்லையோடேயே சொத்துகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அடுத்து வாங்குபவரின் வங்கி அதைக் கண்டுபிடித்துக் கடனை நிறுத்தும்போதுதான் எல்லோரும் ஓடுகிறார்கள்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. வீடியோ அறுந்தால் காத்திருக்க வேண்டும். முகூர்த்த நாளில் நான்கு மண்டலக் கவுன்டரும் ஒரே சார்பதிவாளரைக் கூப்பிட்டால் நெரிசல் இடம் மாறியிருக்கும், குறைந்திருக்காது. இரண்டு துறை சேர்ந்து வேலை செய்யும்போது "அது அவங்க வேலை" என்று தள்ளிவிடுவதற்கு வசதி கூடும். மனு எண்ணில் பெயரும் கெடுவும் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். செலவுக்குப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். உள்ளாட்சிக்கு ஏற்கெனவே போகிற அந்த 2 சதவீதத்தில் ஒரு சிறு துளியே கவுன்டரை நடத்தும்; பொதுமக்களிடம் தனிக் கட்டணம் வாங்க வேண்டியதில்லை.

மலைக்குக் கணக்கு வேறு

ஏற்காட்டில் இதே ஒப்பீட்டைப் போட்டால் எடைகள் மாறும். வெள்ளக்கடை, நாகலூர் பக்கத்து முதியவர் ஒருவருக்குத் தாலுகா தலைமையிடம் வருவதே ஒரு நாள் வேலை. அப்புறம் சேலத்தில் ஒரு சான்று வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு. கவுன்டர் ஊராட்சிக்கு வந்தால் கீழே இருக்கிற நம்மைவிட அவருக்குத்தான் உபகாரம் அதிகம். சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் வீடியோவை நம்பி ஏற்பாடு செய்யக் கூடாது என்பது வேறு. ஊராட்சி வரை கண்ணாடி இழை இணைப்பு உறுதியான இடத்தில் மட்டும் திறக்க வேண்டும்.

ஆனால் அங்கே சுலபம் என்பது இரண்டு பக்கமும் வெட்டும். சேர்வராயன் மலையில் நிலத்துக்குக் கண் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மலைக்கு வெளியே இருப்பவர்கள். அங்கே வாழும் மலையாளி என்ற மக்கள் (கேரளத்தவர் அல்ல) பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. காலங்காலமாக அனுபவித்துவந்தும் காகிதம் முழுமையாக இல்லாதவர்கள் அவர்களில் பலர். தவிர, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு இந்தத் தாலுகாவுக்கு உண்டு. ஹாக்கா என்றால் எஸ்டேட்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மனை பிரிக்கவும் கட்டவும் அதன் தடைகள் இருக்கின்றன. அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் போட்ட உத்தரவுக்குப் பிறகும் பாகம், பவர், தானம் என்று வேறு பெயரில் மனை கைமாற முயற்சிகள் நடக்கத்தான் செய்கின்றன.

அதனால் மலைக் கவுன்டருக்கு நான் மூன்று நிபந்தனை வைப்பேன். குறிப்பிட்ட சர்வே எண்ணில் எந்தப் பத்திரம் தாக்கலானாலும் பட்டாதாரர் போனுக்கு அப்போதே தமிழில் குறுஞ்செய்தி. பவர் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் கவுன்டரில் வேண்டாம். எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளரையே நேரில் பார்க்கட்டும், அலைச்சலாக இருந்தாலும் சரி. தாக்கலான பத்திரங்களின் சர்வே எண் பட்டியல் ஊராட்சி அலுவலகப் பலகையில் தொங்க வேண்டும். சொத்துப் பத்திரங்களை எழுதிவைக்கும் 1-ஆம் புத்தகம் சட்டப்படி யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியதுதான். ஆகவே பலகையில் தொங்குவதில் ரகசியம் எதுவும் உடையாது.

கிராம சபையிலோ பகுதி சபையிலோ தீர்மானம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பதிவு அதிகாரத்தை உள்ளாட்சிக்குத் தருக" என்று மொத்தமாகக் கேட்டால் கோப்பு சென்னைக்குப் போய்த் தூங்கும். கொண்டலாம்பட்டி மண்டலத்தில் ஒன்று, ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்று என்று இரண்டே கவுன்டர் கேளுங்கள். முதல் ஆண்டில் அங்கே பிழைதிருத்தல் பத்திரமும் அடமான ரத்து ரசீதும் மட்டும் வாங்கட்டும். இரண்டிலும் புதிதாக யாருடைய நிலமும் பறிபோக வழி குறைவு. எத்தனை மனு வந்தது, எத்தனை கெடுவுக்குள் தீர்ந்தது என்று மாதாமாதம் வெளியே ஒட்டட்டும். கெடு தவறிய மனு பாதிக்கு மேல் இருந்தால் கவுன்டரை மூடிவிட்டு முதல் வழிக்கே திரும்பலாம். தீர்ந்தால் அடுத்து நிறுவனங்களின் முதல் விற்பனை, அதற்கடுத்து வரி பெயர் மாற்றத்தோடு சேர்த்து முழு உட்பிரிவுக் கிரையம். பிரித்து விற்கும் மனை கடைசியில் வரட்டும், சர்வேயர் அளந்த பிறகு.